சிவாவா நாய்க்குட்டி மாட்டைப் பாத்தாலே குலைக்குது, கிட்ட போனா கடிக்க வருது

கேள்வி: தோட்டத்து வீட்ல 11 வாரத்து சிவாவா குட்டி வளக்குறோம். மாடு, வெளியாள்னு யாரைப் பாத்தாலும் விடாம குலைக்குது. மாடு மிதிச்சிடுமோன்னு எப்பவும் கையிலயே வச்சிருக்கோம், இப்ப கிட்ட வர்றவங்களைப் பாத்து உறுமுது, கடிக்கவும் பாக்குது. எப்படி பழக்குறது?

பதில்: வணக்கம்ங்க. அது திமிரு இல்ல, பயம். வளந்தாலே 3 கிலோ தாண்டாத நாய்ங்க அது, மாடு அதுக்கு மலை மாதிரி. குலைச்ச உடனே நீங்க தூக்கிடறதால, குலைச்சா தூக்குவாங்கன்னு கத்துக்கிச்சு.

தரையில விட்டுப் பழக்குங்க, ஆனா மாட்டுக் காலடியில வேணாம். மாட்டைக் கட்டிப் போட்டுட்டு, எவ்ளோ தள்ளி நின்னா குட்டி பாக்குது ஆனா குலைக்கலைன்னு பாருங்க, அது 30 அடியா இருந்தாலும் பரவால்ல, அங்கயே உக்காந்து, மாட்டைப் பாத்துட்டு உங்க பக்கம் திரும்புற அந்த நொடியே பாதி பட்டாணி அளவுக்கு வேகவச்ச கோழிக்கறி குடுங்க. ரெண்டு மூணு நிமிஷம் போதும். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமா கிட்ட போங்க. உதட்டை நக்குனா, காதைப் பின்னால ஒட்டிக்கிட்டா, வாலை இடுக்குனா அதுக்குத் தாங்கலைன்னு அர்த்தம், பின்னால வந்துடுங்க. நல்லா பழகுனாலும் மாட்டுப் பக்கம் தனியா விடவே கூடாது.

வர்றவங்களையும் குனிஞ்சு தலையைத் தடவ விடாதீங்க. பக்கவாட்டுல உக்காரட்டும், உத்துப் பாக்க வேணாம், குட்டியே தானா வந்து மோந்து பாக்கட்டும். உறுமுனா அடிக்காதீங்க, உறுமலை அடக்கிட்டா அப்புறம் சொல்லாம கொள்ளாம கடிக்கும். தூக்கும்போது மட்டும் கத்துச்சுன்னா வலியா இருக்கலாம், முட்டிச்சில்லு நழுவுறது இந்த ரகத்துல சகஜம், டாக்டர்கிட்ட காட்டுங்க.

தள்ளிப் போடாதீங்க, 14 வாரம் வரைக்கும்தான் புதுசை சுலபமா ஏத்துக்கிற வயசு. தடுப்பூசி முடியாததால பார்வோங்கிற வைரஸ் நோய் தொத்திக்கிற பயம் இருக்கு, தெருநாய் நடமாடுற இடத்துல இறக்கி விடாம, அங்க மட்டும் கையில வச்சு வேடிக்கை காட்டுங்க. கழுத்துப்பட்டையில கயிறு மாட்டி இழுக்காதீங்க, மூச்சுக்குழாய் ரொம்ப மெல்லிசு, நெஞ்சோட போடுற ஹார்னஸ் வாங்கிக்கோங்க.

இன்னொன்னு, ட்ரெயினிங்னு சொல்லி பட்டினி போட்றாதீங்க. இந்த வயசுல ஒரு நாளைக்கு 4 வேளையாவது சாப்பிடணும், இல்லன்னா சர்க்கரை இறங்கிடும். தள்ளாடுனாலோ துவண்டு போனாலோ ஈறுல கொஞ்சம் குளுக்கோஸ் தண்ணியோ தேனோ தடவிட்டு உடனே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போயிடுங்க.