எக்ஸோம் டெஸ்டில் ஒன்றுமில்லை என்றால் நிம்மதியாக இருக்கலாமா?

கேள்வி: டெல்லியில் வசிக்கிறேன். மனைவி அகர்வால் என்ற வட இந்தியச் சமூகம். மாமனாருக்கு 45 வயதிலிருந்து கை நடுக்கம். அவருடைய அம்மாவுக்கும் இருந்ததாம். லேப் ஏஜென்ட் சொன்னார் என்று மனைவிக்கு முழு எக்ஸோம் டெஸ்ட் (ஜீன்களில் புரதம் செய்யச் சொல்லும் பகுதிகளைப் படிக்கும் டெஸ்ட்) எடுத்தோம். ‘குறை இல்லை’ என்று வந்திருக்கிறது. இனி கவலையில்லையா?

பதில்: அந்த ரிப்போர்ட்டை நம்பி உட்காராதீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எஸ்.சி.ஏ 12 என்ற பரம்பரை நரம்பு நோய். மடியில் இருக்கும்வரை கை சும்மா இருக்கும். டீ கப்பைத் தூக்கினால் சாஸரில் தடதடக்கும். வருடங்கள் போனால் நடையும் தள்ளாடும். 1999-ல் ஜெர்மானிய வம்சாவளி அமெரிக்கக் குடும்பம் ஒன்றில் கண்டறிந்த இந்த நோய், இந்தியாவில் பெரும்பாலும் அகர்வால்களிடம்தான் தென்படுகிறது. என்றோ ஒரு முன்னோரிடம் கிளம்பியது. “எங்கள் கோத்திரம் வேறு, எங்களுக்கு வராது” என்பார்கள். கோத்திரம் அப்பா வழி. ஜீன் அம்மா வழியாகவும் வரும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

ஜீன் என்பது வேதி எழுத்துகளால் ஆன குறிப்பு. இந்த நோயில் அதில் எழுத்து மாறுவதில்லை. சி.ஏ.ஜி என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வந்து நீண்டுபோகிறது. எக்ஸோம் டெஸ்ட் எழுத்துப் பிழையைத் தேடும், இதை எண்ணாது. விலை அதிகம், கமிஷனும் அதிகம். ஏஜென்ட் வேறு எதை விற்பார்? ‘ரிப்பீட் நோய்கள் இதில் அடங்காது’ என்று கடைசிப் பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள். முதல் பக்கத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும்? கேட்பாரில்லை.

மனைவிக்கு முதலில் டெஸ்ட் எடுத்ததே தலைகீழ். மாமனாரை நரம்பியல் மருத்துவரிடம் காட்டி, அவருக்கு ‘எஸ்.சி.ஏ 12 ரிப்பீட்’ என்று பெயர் சொல்லி எடுங்கள். கொஞ்சம் ரத்தம் போதும். அவருக்கு இல்லையென்றால் மனைவிக்கு இந்த டெஸ்டே வேண்டாம். இருந்தால், ஜெனடிக் கவுன்சலரிடம் பேசிவிட்டு மனைவியே முடிவெடுக்கட்டும். நடுக்கத்தைக் குறைக்க மாத்திரை உண்டு, நோயை நிறுத்த மருந்து இல்லை. அதனால் தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் அவர் உரிமை, நீங்கள் நெருக்காதீர்கள்.

அப்புறம், ‘நார்மல்’ என்ற ஒற்றைச் சொல்லை ஏற்காதீர்கள், சி.ஏ.ஜி எத்தனை முறை வருகிறது என்ற எண்ணிக்கையைக் கேட்டு வாங்குங்கள். முன்பு 50-க்கு மேல் போனால்தான் நோய் என்றார்கள். பிறகு டெல்லியில் நடந்த ஆய்வில் 43-லிருந்தே நோயாக எடுக்கலாம் என்று தெரிந்தது. இதைச் சில லேப்கள் இன்னும் கண்டுகொள்ளவில்லை. 46 என்று வந்த ஒருவர், ‘நார்மல்’ ரிப்போர்ட்டை என் மேஜையில் வைத்தார். வைக்கும்போதே தாள் படபடத்தது.