கூகையா, பி.டி. பாக்டீரியாவா? தோட்டத்துக்காரர்கள் கேட்டவை

நெல் வயலில் எலித் தொல்லை. கூகை, பி.டி. இரண்டில் எது நல்லதுங்க? (கோபி)

எலிக்குக் கூகை ஆந்தைதான். பி.டி., அதாவது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற புழுக்கொல்லி பாக்டீரியா, எலியை ஒன்றும் செய்யாது. அதைப் புழு தின்றால்தான் வேலை நடக்கும்: புழுவின் குடலில் காரத்தன்மை அதிகம், அதில் பாக்டீரியாவின் புரதப் படிகம் கரைந்து குடல் சுவரில் ஓட்டை போடும், சில மணி நேரத்தில் தீனியை நிறுத்திவிடும், இரண்டு மூன்று நாளில் சாகும். கூகைக்கு வயலில் டி வடிவக் குச்சிகள் நட்டு வையுங்கள், ராத்திரி வந்து உட்காரும். கதிர் பிடித்ததும் பிடுங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பகலில் குருவிகள் அதே குச்சியில் உட்கார்ந்து நெல்லைத் தின்னும்.

கத்திரிக்கு பி.டி. அடித்தும் புழு சாகவில்லையே? (தொண்டாமுத்தூர்)

காய்க்குள் போய்விட்ட புழுவுக்கு எட்டாது. குஞ்சுப் புழுவாக வெளியே இருக்கும்போதே, பொழுது சாய்ந்த பிறகு அடியுங்கள். வெயிலில் வீரியம் சீக்கிரம் போய்விடும்.

பக்கத்துத் தோட்டத்தில் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். பி.டி. அடிக்கலாமா? (உடுமலை)

தயவுசெய்து வேண்டாம். 1901ல் ஜப்பானில் இஷிவாட்டா என்ற விஞ்ஞானி இந்தப் பாக்டீரியாவைக் கண்டுபிடித்ததே செத்த பட்டுப்புழுவில்தான். மல்பெரி இலையில் சாரல் பட்டால் அவர்கள் பாடு முழுக்கப் போய்விடும்.

தோட்டத்துச் சாளை வீட்டுப் பரண்மேல் கூகை குஞ்சு பொரித்திருக்கிறது, ராத்திரியெல்லாம் உஸ்ஸென்று சீறுகிறது. ஆகாது, விரட்டு என்கிறார் அம்மா. (பொள்ளாச்சி)

விரட்டாதீங்க. அந்தச் சீறல், குஞ்சுகள் இரை கேட்கிற சத்தம். பரணுக்குக் கீழே கறுப்பாக, கட்டைவிரல் கனத்தில் உருண்டைகள் கிடக்கும். கூகை எலியை முழுசாக விழுங்கிவிட்டு, செரிக்காததைக் கக்கியது அது. ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்து அம்மாவிடம் காட்டுங்கள், மயிருக்குள் மண்டையோடும், மஞ்சள் முன்பல்லோடு தாடையும் இருக்கும். அத்தனையும் உங்கள் தோட்டத்து எலி. கூகையைப் பிடிப்பதும் கொல்வதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றமும்கூட.

இன்னொன்று, தோப்பில் புரோமடையலோன் என்ற எலி விஷக் கட்டியை வைக்கிற வழக்கம் இருந்தால் உடனே நிறுத்துங்கள். அதைத் தின்ற எலி உடனே சாகாது, சில நாள் தள்ளாடிக்கொண்டு திரியும், கூகைக்குச் சுலபமாகச் சிக்கும், விஷம் அதன் உடம்பிலும் ஏறும். பதிலுக்கு எலிப்பொறி வையுங்கள், மட்டைகள் ஒன்றோடொன்று உரசாத தென்னைகளுக்கு எலி ஏறாதபடி தண்டைச் சுற்றித் தகரம் அடியுங்கள்.