ஃபைலில் இல்லாத மனைவி

கேள்வி: வயது 31. சொந்த ஊர் குடியாத்தம், சென்னையில் ஐ.டி. வேலை. கனடா பி.ஆருக்கு (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற பாயின்ட் முறையில் விண்ணப்பித்துப் பத்து மாதம் ஆகிறது. ஆறு மாதத்தில் முடியும் என்றார்கள். எனக்குப் பின்னால் போட்ட நண்பனுக்குக்கூட வந்துவிட்டது. தினமும் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போர்ட்டலைப் பார்க்கிறேன், அப்புறம் தூக்கம் வருவதில்லை. இதற்கிடையில் இரண்டு மாதம் முன்பு வள்ளிமலையில் எனக்குக் கல்யாணம் நடந்தது. இப்போது ஃபைலில் கை வைத்தால் தாமதமாகும், பி.ஆர். வந்ததும் மனைவியை ஸ்பான்சர் செய்துகொள்ளலாம் என்று ஏஜென்ட் சொன்னார். அதனால் கல்யாணப் போட்டோவை ஸ்டேட்டஸில்கூட வைக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அவளும் சரி என்று ஆரணியில் அம்மா வீட்டில் இருக்கிறாள். அதில் ஒன்றும் பிரச்சினை இல்லை. இந்தக் காத்திருப்பை எப்படித் தாங்குவது?
— பெயர் வேண்டாம், குடியாத்தம்

பதில்: தம்பி, உங்கள் பி.ஆர். எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. அந்த ஏஜென்டுக்கும் தெரியாது. ஆறு மாதம் என்பது வாக்குறுதி இல்லை. நூறு விண்ணப்பங்களில் எண்பதையாவது அதற்குள் முடிக்க வேண்டும் என்று கனடாவின் குடியேற்றத் துறை தனக்குத் தானே வைத்துக்கொண்ட கணக்கு. மீதி இருபதில் ஒருவராக நீங்கள் இருக்கலாம். பின்னணிச் சரிபார்ப்பில் ஒரு ஃபைல் மாதக்கணக்கில் கிடக்கும், அடுத்த ஃபைல் வாரத்தில் தாண்டிவிடும். நண்பனுடைய தேதியோடு உங்கள் தேதியை ஒப்பிட்டு ஒரு பயனும் கிடையாது. காத்திருப்பைப் பற்றி நான் சொல்வது இவ்வளவுதான்.

ஒன்றும் பிரச்சினை இல்லை என்று எழுதிவிட்டுத் தாண்டிப் போனீர்களே, அந்த இடத்துக்கு வருகிறேன். கல்யாணப் போட்டோவை வைக்காதே என்று, கழுத்தில் தாலி ஏறி இரண்டு மாதமே ஆன ஒரு பெண்ணிடம் சொல்லியிருக்கிறீர்கள். அவளும் சரி என்றாளாம். புதுப் பெண் வேறு என்ன சொல்வாள்? ஆரணியில் தெருக்காரர்கள் "மாப்பிள்ளை எப்போம்மா கூட்டிட்டுப் போறார்?" என்று கேட்கும்போது அந்தச் 'சரி'யை வைத்துக்கொண்டு அவள் என்ன பதில் சொல்வாள் என்று ஒரு தடவையாவது யோசித்தீர்களா? மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்து, சொந்தபந்தம் எல்லோருக்கும் சோறு போட்டுவிட்டு, ஒரே ஒரு விண்ணப்பத்தில் மட்டும் 'மணமாகாதவர்' என்று உட்கார்ந்திருக்கிறீர்கள். அதுவும் வள்ளிமலையில் தாலி கட்டிவிட்டு! அந்த மலையில் கிழவன் வேடம் போட்டு வந்த முருகன்கூடக் கடைசியில் நம்பிராஜன் அறிய, முறைப்படிதான் வள்ளியைக் கைப்பிடித்தான்.

உங்கள் அம்மா அப்பாவையும் கேட்கிறேன். ஒரு பெண்ணை வீட்டுக்கு மருமகள் என்று அழைத்துவிட்டு, காகிதத்தில் மட்டும் இல்லை என்று சொல்ல எப்படிச் சம்மதித்தீர்கள்? உங்கள் மகளுக்கு இப்படி ஒரு மாப்பிள்ளை வந்திருந்தால் விட்டிருப்பீர்களா?

குடும்ப நியாயம் கிடக்கட்டும், சட்டத்துக்கு வருவோம். விண்ணப்பித்த பிறகு கல்யாணமானாலும் குழந்தை பிறந்தாலும் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மனைவி கூட வந்தாலும் வராவிட்டாலும் அவருக்கும் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். அப்படிக் காட்டாமல் விட்டவரைப் பின்னால் குடும்ப வகையில் ஸ்பான்சர் செய்ய முடியாது என்பது அவர்கள் விதி. விலக்குக் கொடுங்கள் என்று மன்றாடலாம், கிடைக்கும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டார்கள். 'பி.ஆர். வந்ததும் ஸ்பான்சர்' என்று ஏஜென்ட் காட்டுகிறாரே, அந்தக் கதவை மூடுவதே நீங்கள் இப்போது செய்கிற காரியம்தான். பொய் சொன்னது தெரிந்தால் ஐந்து வருடம் அந்த நாட்டுப் பக்கமே போக முடியாது. கிடைத்த பி.ஆரையும் பறிப்பார்கள். அப்புறம், பி.ஆரை உறுதி செய்கிற நேரத்தில் திருமண நிலை மாறியிருக்கிறதா என்று மறுபடியும் கேட்பார்கள். அங்கே இன்னொரு பொய் சொல்ல வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வருவதற்குப் போர்ட்டல்தான் காரணம் என்று நான் நம்பவில்லை.

தாமதமாகும் என்று ஏஜென்ட் சொன்னது பொய் இல்லை. ஆகத்தான் ஆகும். மனைவிக்குக் கட்டணம், கைரேகை, போலீஸ் சான்றிதழ், மெடிக்கல் எல்லாம் உண்டு. மெடிக்கலும் அவர்கள் பட்டியலில் உள்ள டாக்டரிடம்தான் எடுக்க வேண்டும். பட்டியலில் இல்லாதவர் எவ்வளவு பெரிய டாக்டரானாலும் அந்தச் சான்றிதழ் செல்லாது. வங்கிக் கணக்கில் இரண்டு பேருக்கான பணம் காட்டச் சொல்லலாம். கல்யாணத்தால் பாயின்ட் குறைந்துவிடுமோ என்ற பயம் உங்களுக்கு உள்ளுக்குள் இருக்கும் என்று நினைக்கிறேன். விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வந்த நாளிலும் விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நாளிலும் தகுதி இருந்ததா என்பதைத்தான் அந்தச் சட்டம் கேட்கிறது. அந்த இரண்டு நாளிலும் நீங்கள் கல்யாணமாகாதவர்தானே? பிறகு எதற்கு ஒளிக்கிறீர்கள்?

ஏஜென்டிடம் லைசென்ஸ் எண்ணைக் கேளுங்கள். காசு வாங்கிக்கொண்டு கனடா ஃபைல் பார்க்கிறவர் அந்நாட்டுக் குடியேற்ற ஆலோசகர்களுக்கு உரிமம் தரும் அமைப்பில் பதிவு செய்தவராகவோ, அங்கே உரிமம் உள்ள வக்கீலாகவோ இருக்க வேண்டும். எண் சொல்லத் தடுமாறினால் அந்த ஆளை இன்றோடு விடுங்கள். மாட்டிக்கொள்ளும்போது அவர் வரமாட்டார், கையெழுத்து உங்களுடையது.

கல்யாணத்தைப் பதிவு செய்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, செய்திருக்க மாட்டீர்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயம். 90 நாளுக்குள் செய்ய வேண்டும், தவறினால் கூடுதல் கட்டணத்தோடு 150 நாள் வரை உண்டு. உங்களுக்கு இரண்டு மாதம் போய்விட்டது. ஒரு நாள் லீவு போட்டு இருவருமாகச் சார்பதிவாளர் அலுவலகம் போங்கள். பத்திரிகை, கோயில் ரசீது இவற்றோடு தாலி கட்டும் போட்டோவையும் எடுத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் வாங்கி, ஒழுங்கான ஒருவரை வைத்து, நடந்ததை நடந்தபடி துறையின் வெப்ஃபார்மில் எழுதி அனுப்புங்கள்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. இந்த ஞாயிற்றுக்கிழமை ஆரணிக்குப் போங்கள். போன் பண்ணிச் சொல்வது போதாது, நேரில் போங்கள். அவள் எந்தப் போட்டோவைப் போட ஆசைப்பட்டாள் என்று கேட்டு, அதை முதலில் உங்கள் ஸ்டேட்டஸில் வையுங்கள்.