வாடகை வீட்ட போன்லயே பாத்துக்க முடியுமா? கேட்டதும் சொன்னதும்

சென்னைல மடிப்பாக்கத்துல ரெண்டு, பெருங்குடில ஒண்ணுன்னு மூணு வீடு வாடகைக்கு விட்டு பன்னெண்டு வருஷமா நானே பாத்துக்கறேன். வந்த கேள்விங்கள்ல எனக்குத் தெரிஞ்சதுக்கு பதில் சொல்றேன்.

கேள்வி: அண்ணா, நான் துபாய்ல இருக்கேன், பள்ளிக்கரணைல ஒரு ஃப்ளாட் இருக்கு. எல்லாத்தையும் ஆன்லைன்லயே முடிச்சிரலாமா?

பதில்: முக்காவாசி முடிக்கலாம் தம்பி. வாடகைக்கு குடியிருக்கறவர அவர் பேங்க்ல ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் போடச் சொல்லிருங்க, மாசாமாசம் தானா உங்க என்ஆர்ஓ அக்கவுண்டுக்கு (வெளிநாட்டுல இருக்கறவங்க இந்திய வருமானத்துக்கு வச்சிருக்கற அக்கவுண்ட்) வந்துரும். சொத்து வரி மாநகராட்சி சைட்லயே கட்டலாம், ஏப்ரல்லயும் அக்டோபர்லயும் 30ஆம் தேதிக்குள்ள கட்டினா 5% தள்ளுபடி இருக்கு. கரண்ட் பில் பாக்கி இருக்கான்னு சர்வீஸ் நம்பர் போட்டாலே தெரிஞ்சிரும். முக்கியமா ஒண்ணு, ஓனர் வெளிநாட்டுல இருந்தா வாடகை குடுக்கறவர் டிடிஎஸ், அதாவது வாடகைலயே வருமான வரிய புடிச்சு அரசுக்கு கட்டணும், மாசம் 50,000க்கு கீழதானேன்னு விடமுடியாது, அந்த வரம்பு ஊர்ல இருக்கற ஓனருக்குத்தான். இது நிறைய பேருக்குத் தெரியல, ஒரு ஆடிட்டர்ட்ட பேசிட்டு அக்ரிமெண்ட் போடுங்க. மீதி கால்வாசிக்கு பக்கத்துலயே ஒரு பிளம்பர், ஒரு எலக்ட்ரீஷியன் நம்பர் கண்டிப்பா வேணும்.

கேள்வி: காலி பண்றப்போ அட்வான்ஸ்ல புடிக்கறதுக்கு ஒவ்வொரு தடவையும் சண்ட வருது சார், என்ன பண்றது?

பதில்: மேடம், சாவி குடுக்கற அன்னிக்கு ரெண்டு பேரும் சேர்ந்து நின்னு ஒரு வீடியோ எடுங்க. ஒவ்வொரு குழாயும் திறந்து, ஃபிளஷ் அழுத்தி, ஃபேன் சுத்தறத காட்டி, ஈபி மீட்டர் ரீடிங் தெளிவா தெரியற மாதிரி. செவுத்துல விரிசல் இருந்தா பக்கத்துல ஒரு ஒத்த ரூவா காச வச்சு போட்டோ எடுப்பேன், அப்பதான் ரெண்டு வருஷம் கழிச்சு அது பெருசாச்சா அப்படியே இருக்கான்னு தெரியும். அன்னிக்கே வாட்ஸப்ல அவருக்கும் அனுப்பிருங்க, தேதி அதுலயே நின்னுரும். அவருக்கும் அது பாதுகாப்புதான், ஏற்கனவே இருந்த விரிசலுக்கு அவர்ட்ட காசு புடிக்கறது பாவம்.

கேள்வி: மேனேஜ்மெண்ட் கம்பெனி ஆப்ப நம்பி விடலாமா?

பதில்: நானும் ஒரு வருஷம் விட்டுப் பாத்தேன். கிச்சன் சிங்க் அடியில கசியுதுன்னு குடியிருந்த அம்மா கம்ப்ளைண்ட் போட்டாங்க, மறுநாளே ஆப்ல "முடிந்தது"ன்னு பச்சை டிக் வந்துருச்சு, நானும் நிம்மதியா இருந்துட்டேன். பத்து நாள் கழிச்சு அந்தம்மாவே போன் பண்ணாங்க, போய் பாத்தா சிங்க் அடியில பக்கெட் வச்சிருக்காங்க, பிளைவுட் கதவு ஊறி உப்பி மூடவே முடியல, ஆளே வரலையாம். அதனால கம்பெனிக்கு விடறதுன்னா, குடியிருக்கறவங்க சரின்னு சொன்னாத்தான் கம்ப்ளைண்ட் மூடணும்னு எழுதி வாங்கிக்குங்க.

கேள்வி: ஸ்மார்ட் லாக் (போன்லயே பூட்டித் திறக்கற பூட்டு) போட்டா வாடகை தராதவர வெளிய நிறுத்திரலாமா?

பதில்: கூடவே கூடாதுங்க. அவர் இருக்கற வரைக்கும் அது அவர் வீடு. தண்ணி, கரண்ட கட் பண்றதும் சட்டப்படி தப்பு, உள்ள போய் பாக்கணும்னாகூட 24 மணி நேரம் முன்னாடி எழுத்துல சொல்லணும். கேமராவும் வெளி கேட்டோட நிக்கட்டும், வீட்டுக்குள்ள வேணாம்.

கேள்வி: 11 மாச அக்ரிமெண்டுக்கு பதிவு வேணாம்தானே?

பதில்: அது பழைய கத. ஓனர், குடியிருக்கறவர் உரிமைகளுக்காக தமிழ்நாடு கொண்டுவந்த 2017 சட்டம் 2019 பிப்ரவரில நடைமுறைக்கு வந்துருச்சு, 11 மாசம்னாலும் வாடகை அதிகாரிகிட்ட பதியணும், அதுக்கு அரசோட சைட் இருக்கு.

கேள்வி: எனக்கு ஒரே வீடுதான், எந்த ஆப் வாங்கணும் சார்?

பதில்: ஒண்ணும் வாங்காதீங்க, கூகுள் ஷீட் போதும். வாடகை வந்த தேதி, ரிப்பேர் செலவு, பில் போட்டோ, அக்ரிமெண்ட் முடியற நாள். என்னோடதுல கடைசி கட்டம் டேங்க் கழுவுன தேதி, ஆறு மாசம் தாண்டுனா செவப்பாயிரும், நேத்துதான் பெருங்குடி வீட்டுக்கு ஆள் அனுப்பினேன்.