‘காண்டாக்ட்’ என்ற சொல்லுக்குத் தமிழில் ஒரே சொல் ஏன் இல்லை?

ஆங்கிலத்தில் ஒரு சொல்லோடு முடிகிற வேலைக்குத் தமிழில் தொடர்பு, தொடுகை, தீண்டல், தொற்று என்று ஏன் இத்தனை, தமிழ் போதாத மொழியா என்று கேட்டிருக்கிறீர்கள். கலைச்சொல் பட்டியல் ஏதோ தயாரித்துக்கொண்டு, ஒரு கட்டத்தில் சலித்துப்போய்க் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் மொழியியல் படித்ததில்லை. ஆனால் இந்தச் சொல்லிடம் நன்றாகப் பட்டிருக்கிறேன்.

பல ஆண்டுகளாக மருத்துவக் கையேடுகளைத் தமிழாக்கம் செய்கிறேன். ஒருமுறை காசநோய் பற்றிய துண்டறிக்கை வந்தது. நோயாளியின் ‘காண்டாக்ட்’ எல்லாரும் பரிசோதனைக்கு வர வேண்டும் என்பது மூலத்தில் இருந்த வரி. எனக்குக் கொடுத்த சொற்பட்டியலில் அந்தச் சொல்லுக்கு நேரே ‘தொடர்பு’ என்று இருந்தது. “நோயாளியுடன் தொடர்பு வைத்திருந்தவர்கள்” என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அச்சுக்குப் போகும் முன் சில குடும்பங்களுக்கு வாசித்துக் காட்டினார்கள். நானும் கூடப் போயிருந்தேன். அந்த வரி வந்ததும் நோயாளி ஒருவரின் மனைவி தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, “அவருக்கு வெளியில தொடர்பெல்லாம் கிடையாதுங்க” என்றார்.

ஏற்கெனவே நோயால் நொந்துபோன வீடு. அந்த அம்மா கணவருக்காக என்னிடம் சாட்சி சொல்லும்படி ஆக்கிவிட்டது என் ஒரு சொல். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் “தொட்டுப் பழகியவர்கள்” என்று மாற்றினேன். அது இன்னும் பெரிய தவறு. காசநோய் காற்றில் பரவுவது. நுரையீரலில் நோய் உள்ளவர் இருமும்போதும் பேசும்போதும் கிருமி காற்றில் கலக்கிறது, அந்தக் காற்றை நெடுநேரம் மூச்சில் வாங்குபவருக்குத்தான் ஆபத்து. கைகுலுக்கினால் வராது, ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது, துணியைத் தொட்டால் வராது. என் வரியைப் படிப்பவர்கள் தட்டையும் தம்ளரையும் தனியாக எடுத்து வைப்பார்கள். அடைத்துக் கிடக்கும் சன்னலைத் திறக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவே தோன்றாது. கடைசியில், “நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள், ஒரே அறையில் நெடுநேரம் கூட இருந்தவர்கள்” என்று விரித்து எழுதினேன்.

“சொல் நீண்டுவிட்டதே, இதுதானே தமிழின் குறை?” என்று யாராவது கேட்கக்கூடும். அந்த ஆங்கிலச் சொல்லும் லத்தீனில் ‘சேர்ந்து தொடுதல்’ என்ற பொருளில் பிறந்ததுதான். தொற்றுநோயைக் குறிக்கும் ‘கன்டேஜன்’, வடிவியலில் தொடுகோட்டைக் குறிக்கும் ‘டேன்ஜென்ட்’ எல்லாம் அதே வேரில் கிளைத்தவை. தொடாமலே பரவும் நோய்க்கும் ‘தொட்டவர்’ என்று சொல்லும் குழப்பம் அங்கேயும் இருக்கிறது. மருத்துவர்கள் பழகிவிட்டார்கள், அவ்வளவுதான்.

துறைக்குத் துறை பொருளும் மாறுகிறது. எலக்ட்ரீசியன் “காண்டாக்ட் சரியில்லை” என்றால், இரண்டு உலோகப் பரப்புகள் இறுக்கமாகப் பதியவில்லை அல்லது இடையில் ஆக்சைடு படிந்திருக்கிறது, மின்தடை கூடி அந்த இடம் சூடேறுகிறது என்று பொருள். கிரகணத்தில் நிழல் படத் தொடங்கும் நேரத்தைப் பஞ்சாங்கம் ‘ஸ்பரிசம்’ என்கிறது. நிலவும் சூரியனும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை, நம் பார்வைக்கு விளிம்புகள் சேர்கின்றன. இயற்பியலில் இன்னும் வேடிக்கை: மேசைமேல் வைத்த கையின் அணுக்களும் மேசையின் அணுக்களும் மிக நெருங்கும்போது எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குகின்றன. அந்த விலக்கலைத்தான் நாம் தொடுவதாக உணர்கிறோம்.

தமிழ் இந்த வேறுபாடுகளை ரொம்பக் காலமாகவே கவனித்திருக்கிறது. லகரமும் ளகரமும் பிறக்கும் விதத்தைச் சொல்லும்போது தொல்காப்பியம் “ஒற்றவும் வருடவும்” என்று பிரிக்கிறது. நாக்கு அண்ணத்தில் ஒற்றினால் ல, வருடினால் ள. ஒரு வாய்க்குள் நடக்கும் தொடுதலுக்கே இரண்டு வினை! நாமோ பூத் தொடுக்கிறோம், அம்பு தொடுக்கிறோம், வழக்கும் தொடுக்கிறோம். “தொட்டனைத்து ஊறும் மணற்கேணி” என்ற குறளில் ‘தொடுதல்’ என்றால் தோண்டுதல். ஒவ்வொரு இடத்திலும் எது எதோடு எப்படிச் சேர்கிறது என்று பார்த்துத்தான் சொல்லைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. தனித்தமிழ் வெறி என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். மின்வேலைக்கு ‘காண்டாக்ட்’ என்றே எழுதுங்கள், நானும் அப்படித்தான் எழுதுகிறேன்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு வேலை தந்த நிறுவனத்தில் திரும்ப வரும் வரிகளுக்குப் பாதிக் கூலிதான். ஒருமுறை மொழிபெயர்த்தது மென்பொருளில் இருக்கிறதாம், அது தானே நிரப்பிக்கொள்ளுமாம். தோல்நோய்க் கையேட்டுக்கு எழுதியதைக் காசநோய்க் கையேட்டில் அது தானே நிரப்பும்போது, அதை உட்கார்ந்து திருத்துபவருக்கு அரைக் கூலி. சொற்பட்டியலைத் திருத்தச் சொல்லி மூன்று முறை எழுதினேன், பதில் இல்லை.

உங்கள் பட்டியலில் ஒரே ஒரு கட்டம் கூடுதலாகப் போடுங்கள்: எந்தத் துறை, எது எதைத் தொடுகிறது. ‘தொடர்பு’ என்ற சொல்லைத் தொலைபேசி எண்ணுக்கும் முகவரிக்கும் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் பக்கத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.