கையில் ஏதாவது ஒட்டினாலே அழுகிறான்

வணக்கம் மேடம். என் பையனுக்கு ஒன்றே முக்கால் வயது. எனக்கு வீடு பளிச்சென்று இருக்க வேண்டும், அது என் சுபாவம். அவன் சாப்பிட்டு முடிப்பதற்குள் துணியோடு நிற்பேன். இப்போது விரலில் துளி ஈரம் பட்டாலும் துடைத்துவிடச் சொல்லிக் கையை நீட்டுகிறான், மண்ணில் இறக்கிவிட்டால் அலறிக்கொண்டு என் மேல் ஏறுகிறான். "சேற்றில் விளையாட விடுடி, மூளை வளரும்" என்கிறாள் அக்கா. நிஜமாகவே பலன் உண்டா, சும்மா சொல்கிறார்களா?

— பெயர் வேண்டாம்

பலன் உண்டு. ஆனால் "மூளை வளரும்" என்று மொட்டையாகச் சொன்னால் ஒன்றும் பிடிபடாது. ஒரு கிண்ணம் தண்ணீரும் சின்னக் குவளையும் கொடுத்துவிட்டுப் பாருங்கள். குவளை நிறைந்த பிறகும் ஊற்றிக்கொண்டே இருப்பான், வழிவதைக் குனிந்து பார்ப்பான், கவிழ்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. நமக்குத் தரை நனைந்ததுதான் தெரியும். எவ்வளவு சாய்த்தால் எவ்வளவு விழும் என்று அவன் மணிக்கட்டு பழகிக்கொண்டிருக்கும். ஈர மண்ணைப் பிசைந்து உருட்டும் விரல்கள்தான் பிற்பாடு பொத்தான் போடும், பென்சில் பிடிக்கும்.

அப்புறம், ஒரு வயதை ஒட்டியே குழந்தைகள் புதிதாக எதைக் கண்டாலும் நம் முகத்தைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிடும். நாம் முகம் சுளித்தால் அது வேண்டாத பொருள். அதற்காக எல்லாம் உங்களால்தான் என்று சொல்ல வரவில்லை, சில பிள்ளைகளுக்கு இயல்பிலேயே தொடு உணர்ச்சி கூர்மையாக இருக்கும். எப்படியானாலும் கையைப் பிடித்து மண்ணுக்குள் திணிக்காதீர்கள், பயம்தான் கூடும். நீங்கள் உட்கார்ந்து பிசையுங்கள், அவன் கையில் ஒரு கரண்டி இருக்கட்டும். துடைக்கச் சொல்லிக் கை நீட்டினால் துடைத்துவிடுங்கள், ஆனால் அவன் கேட்பதற்கு முன்னால் வேண்டாம்.

உங்கள் சுபாவத்தையும் மாற்ற வேண்டியதில்லை. குளிப்பாட்டுவதற்கு முன்னால் குளியலறையிலேயே பத்து நிமிடம், பழைய சட்டையோடு. வீட்டின் மற்ற இடம் உங்கள் ராஜ்ஜியம்! ஆனால் பக்கத்தைவிட்டு நகரக் கூடாது. சில அங்குலத் தண்ணீரில்கூடக் குழந்தை மூழ்கிவிடும். தண்ணீரில் ஊறிப் பெரிதாகும் வண்ண ஜெல் மணிகள் வேண்டவே வேண்டாம், விழுங்கினால் வயிற்றுக்குள் உப்பிக் குடலை அடைத்துவிடும்.

தலை வாரினால், சட்டை மாற்றினால், சாப்பாட்டின் பதம் சற்று மாறினால்கூட இதே அழுகை என்றால், தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மண்ணோடு மட்டும்தான் தகராறு என்றால் அவன் போக்கில் விட்டுப் பிடிக்கலாம்.