ஊற்றைத் தோண்டினால் தண்ணீர் கூடுமா?

கேள்வி: வறண்ட பகுதியில் உள்ள எங்கள் நிலத்தில் கோடையிலும் வற்றாத சின்ன ஊற்று ஒன்று இருக்கிறது. இயந்திரம் விட்டு ஆழப்படுத்தினால் தண்ணீர் அதிகம் வருமா? இல்லை, பக்கத்திலேயே போர்வெல் போடுவது நல்லதா?

தயவுசெய்து ஊற்றுக்கண்ணில் இயந்திரத்தை இறக்காதீர்கள்.

மேட்டில் பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்கி, நீர் புகாத களிமண்ணோ பாறையோ தடுத்ததும் பக்கவாட்டில் நகர்ந்து, சரிவில் வழி கிடைக்கும் இடத்தில் வெளியே வருகிறது. பெரும்பாலான ஊற்றுகள் இப்படித்தான். தோண்டினால் முதல் சில வாரம் தண்ணீர் கூடியது போலத்தான் தெரியும், ஆனால் அது உள்ளே தேங்கியிருந்த சேமிப்பு வடிவது, புதிதாக வரும் நீர் இல்லை. அடியில் தாங்கி நிற்கும் களிமண் அடுக்கு உடைந்துவிட்டால் தண்ணீர் கீழே இறங்கிப் போய்விடும், பிறகு அதை மேலே கொண்டுவர வழி கிடையாது.

போர்வெல்லும் அதே நீரைத்தான் வேறு வழியில் எடுக்கப் போகிறது. அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் டெவில்ஸ் ஹோல் என்ற பாறைக் குழியில் மட்டுமே வாழும் ஒரு சிறு மீன் இருக்கிறது. சுமார் 4 கிலோமீட்டர் தள்ளியிருந்த பண்ணைக் கிணறுகளில் நீர் இறைத்ததும், அது முட்டையிடும் பாறைத் திட்டு தண்ணீருக்கு வெளியே வரத் தொடங்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1976ல் இறைப்பைக் கட்டுப்படுத்தச் சொல்லித் தீர்ப்பு வந்தது. ஜோர்டானின் அஸ்ரக் பாலைவனச் சோலைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. நகரத்துக்கும் விவசாயத்துக்கும் இறைத்து இறைத்து, 1990களின் தொடக்கத்தில் அதன் ஊற்றுகள் வற்றியே போயின.

மழைக்குளம் மாதிரி இல்லை ஊற்று. வெப்பமும் அளவும் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால், சுற்றிலும் எல்லாம் காய்ந்து கிடக்கும்போது பறவை, தவளை, தும்பி எல்லாம் அதை நம்பித்தான் பிழைக்கின்றன. சில ஊற்றுகளில் நத்தை, மீன் போன்றவை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தனித்தே வாழ்ந்து வேறெங்கும் இல்லாத இனங்களாகிவிட்டன. அந்த ஈரத்தைத் தாண்டினால் அவற்றுக்குப் போக இடமே இல்லை.

சரி, உங்களுக்கும் தண்ணீர் வேண்டுமே. முதலில் அளந்து பாருங்கள். ஊற்று வழிந்தோடும் இடத்தில் ஒரு குழாயைச் செருகி, 10 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 40 விநாடி என்றால் நிமிடத்துக்கு 15 லிட்டர், ஒரு நாளைக்கு 21,600 லிட்டர். சின்னக் கசிவு என்று நினைத்தது எவ்வளவு தருகிறது பாருங்கள்! மாதம் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள், கோடைக் கடைசியில் கிடைக்கும் எண்ணை வைத்துத்தான் தேவையைத் திட்டமிட வேண்டும்.

தொட்டியை ஊற்றுக்கண்ணுக்கு மேல் கட்டாமல் சரிவில் கீழே கட்டி, வழியும் நீரில் ஒரு பங்கை மட்டும் குழாயில் திருப்புங்கள், மீதி பழைய தடத்திலேயே ஓடட்டும். நான் பாதிக்கு மேல் எடுக்கச் சொல்லமாட்டேன், கோடையில் அதைவிடக் குறைவாகவே எடுங்கள். தொட்டி நிரம்பினால் மிச்சமும் அதே ஓடைக்குத் திரும்ப வேண்டும். கால்நடைகள் மிதித்தே ஊற்றைச் சேறாக்கிவிடும், அதனால் சுற்றி வேலி போட்டு, அவை குடிக்கும் தொட்டியை வெளியே வையுங்கள். அப்புறம் மேட்டுச் சரிவையும் கவனியுங்கள், அங்கே மழைநீர் நின்று இறங்கச் சின்னச் சின்ன வரப்பு போட்டால் ஊற்றுக்கு வரும் நீர் கூட வாய்ப்புண்டு.

கொசுப்புழுவைத் தின்னும் என்று கம்பூசியா என்ற வெளிநாட்டு மீனை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவின் எட்ஜ்பாஸ்டன் ஊற்றுகளில் மட்டும் வாழும் சிவப்புத் துடுப்பு நீலக்கண் மீன், இந்தக் கம்பூசியா புகுந்த ஊற்றுகளிலிருந்து ஒவ்வொன்றாக மறைந்துகொண்டே வந்தது. உங்கள் ஊற்றில் இப்போது இருக்கும் தும்பிக் குஞ்சுகளே கொசுப்புழுவைத் தின்னும்.